கச்சேரி டிவிடியிலிருந்து பாட்டு இறுவட்டு: எந்த வழியைத் தெரிவுசெய்யலாம்?

யாழ்ப்பாணத்தில் பல வீடுகளின் அலுமாரிக்குள் ஒரு அடுக்கு டிவிடி கிடக்கும். கலியாணம், சாமத்தியச் சடங்கு எல்லாம் பார்ப்பதற்கு. கோயில் திருவிழாவில் எடுத்த மேளக்கச்சேரி, பிள்ளையின் வாய்ப்பாட்டு அரங்கேற்றம், மண்டபத்தில் நடந்த வயலின் கச்சேரி ஆகியவை வேறு வகை. அவற்றைப் படமாக ஒருதரம் இருதரம் பார்ப்போம். பாட்டாகக் கேட்கும் ஆசை மட்டும் தீராது. அந்தச் சத்தத்தைத் தனியே எடுத்து, பாட்டுப் பாட்டாகப் பிரித்து, சாதாரண இறுவட்டில் (சிடியில்) போட நாலைந்து வழி இருக்கிறது. எது யாருக்குப் பொருந்தும் என்பதில் எனக்குத் தெளிவான அபிப்பிராயம் உண்டு. அதைக் காரணத்தோடு சொல்கிறேன்.

இந்தக் காலத்தில் இறுவட்டு எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் வீதிகளில் ஓடும் கார்களில் நிறைய, யப்பானில் பாவித்து இங்கே இறக்கியவை. பலவற்றில் இன்னும் அந்த யப்பான் செட்தான் இருக்கிறது. மெனு முழுக்க யப்பானிய எழுத்து, யூஎஸ்பி துளை இல்லை, வானொலி 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும். எங்கள் பண்பலை நிலையங்களில் பல 90க்கு மேலே நிற்பதால் அதுவும் எடுபடாது. ஒழுங்காக வேலை செய்வது இறுவட்டுத் துளை மட்டும்தான். ஏ9 வீதியால் கொழும்புக்கு ஓடினால் ஏறக்குறைய 400 கிலோமீற்றர்; அந்தத் தூரத்துக்குக் கச்சேரி வேண்டும். வீட்டிலிருக்கும் வயதானவர்களுக்கும் 3 என்ற இலக்கத்தை அமத்தினால் மூன்றாவது பாட்டு வருகிற பெட்டிதான் வசதி. உங்கள் காரில் யூஎஸ்பி இருக்கிறது, வீட்டில் எல்லோரும் கைபேசியில் கேட்பவர்கள் என்றால் இறுவட்டுக்கு மினைக்கெட வேண்டாம். கீழே சொல்வதில் எரிக்கும், அதாவது இறுவட்டில் எழுதும், படியை விட்டுவிட்டு, கோப்புகளாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வழியைத் தெரிவுசெய்ய முன், டிவிடிக்குள் சத்தம் எந்த வடிவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எந்த மென்பொருள் நல்லது என்று ஆட்கள் மணிக்கணக்கில் கதைப்பார்கள். என்னைக் கேட்டால், தட்டிலுள்ள எந்த ஒலித்தடத்தை எடுக்கிறீர்கள் என்பதுதான் முடிவைக் கூடுதலாகத் தீர்மானிக்கிறது. விஎல்சி என்ற இலவச மென்பொருளில் டிவிடியை ஓடவிட்டு, கருவிகள் பட்டியலில் கோடெக் தகவலைத் திறந்தால் எல்லாம் எழுதியிருக்கும். பிசிஎம் என்று கண்டால் சந்தோஷப்படலாம். அது சுருக்கப்படாத ஒலி: 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்றால் செக்கனுக்கு 1536 கிலோபிட். ஏசி3 என்று கண்டால் அது டொல்பி டிஜிட்டல், சுருக்கப்பட்டது. டிவிடியில் அதற்கு உச்சம் 448 கிலோபிட். உள்ளூர் வீடியோக்காரர் எரித்துத் தந்த தட்டுகளில் 192, 256 போன்ற எண்களைக் காணலாம். விலைக்கு வாங்கிய கச்சேரி டிவிடிகள் சிலவற்றில் இரண்டு தடம் இருக்கும்: ஒன்று ஸ்டீரியோ பிசிஎம், மற்றது ஆறு சானல் கொண்ட 5.1 டொல்பி.

இரண்டும் இருந்தால் யோசிக்காமல் ஸ்டீரியோ பிசிஎம்மை எடுங்கள். இறுவட்டு இரண்டு சானலை மட்டுமே ஏற்கும். 5.1ஐ எடுத்தால் அதைக் கணனி இரண்டாக மடிக்க வேண்டிவரும். வழமையான மடிப்பில் நடுச் சானலும் பின் சானல்களும் 3 டெசிபல் குறைக்கப்பட்டு இடம் வலத்தோடு கலக்கும். அடித்தொனிக்கென்று இருக்கும் தனிச் சானல் விடப்படும். கச்சேரித் தட்டுகளின் பின் சானல்களில் பெரும்பாலும் இருப்பது மண்டபத்து எதிரொலியும் சபையின் கைதட்டலும். அவை முன்னுக்கு வந்து கலந்தால் பாடகர் நாலு வரிசை தள்ளிப்போய் இருந்து பாடுவதுபோலக் கேட்கும். ஸ்டீரியோத் தடத்தை ஒரு ஒலிப்பொறியாளர் காதால் கேட்டு அளந்து கலந்திருப்பார். தட்டில் 5.1 மட்டுந்தான் இருக்கிறது என்றால், ஓடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஆறு சானலையும் தனித்தனியே திறந்து, முன் இரண்டையும் நடுவையும் வைத்துக்கொண்டு, பின்னவற்றை நன்றாகக் குறைத்துக் கலந்து பாருங்கள். வாய்ப்பாட்டுக் கச்சேரியில் வித்தியாசம் உடனே விளங்கும்.

இனி வழிகள். பழக்கமானது, டிவிடி பிளேயரின் சிவப்பு வெள்ளைத் துளைகளிலிருந்து வயர் கொண்டுவந்து கணனியில் பதிவுசெய்வது. எவருக்கும் விளங்கும், மென்பொருள் அறிவு பெரிதாக வேண்டாம். ஆனால் இரண்டரை மணித்தியாலக் கச்சேரிக்கு இரண்டரை மணித்தியாலம் இருக்க வேண்டும், இடையில் கரண்ட் போனால் திரும்பவும் முதலிலிருந்து. மேசைக் கணனியின் நீலநிறத் துளை இதற்கென்றே உள்ளது. மடிக்கணனியில் பெரும்பாலும் மைக் துளை மட்டும்தான் இருக்கும். அது ஒற்றைச் சானல், அதுவும் மெல்லிய சமிக்ஞைக்கானது. பிளேயரின் வயரை அதில் கொடுத்தால் தவில் அடி ஒவ்வொன்றும் உடைந்து வரும். லைன் உள்ளீடு உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்ட் ஒன்று வாங்க வேண்டும். இதைவிடத் தொல்லை இரைச்சல். எங்கள் 230 வோல்ட் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் வயர் வழியாக ஏறி, சுருதிக்குக் கீழே இன்னொரு சுருதிபோலக் குந்தியிருக்கும். மடிக்கணனியின் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓடவிட்டால் பல தடவை அது நின்றுவிடும். பிளேயரின் ஒலி அமைப்பில் இரவுநேர முறை அல்லது ஒலிவீச்சுக் குறைப்பு என்று ஏதும் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். ஆலாபனையின் மெலிவையும் தவிலின் உரப்பையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடுகிற வேலை அது.

இவ்வளவு குறை சொன்னாலும் வயர் வழிதான் சரி என்று நான் சொல்லும் சந்தர்ப்பங்கள் உண்டு. சில ஹேண்டிகாம்கள் சின்ன டிவிடியிலேயே நேரடியாகப் பதியும். பதிந்த பிறகு அந்தத் தட்டை முறைப்படி முடித்துவைக்காவிட்டால், பதிந்த கருவியைத் தவிர வேறொன்றும் வாசிக்காது. வீட்டு டிவிடி ரெக்கோடரில் பதிந்தவையும் அப்படித்தான். கருவி இன்னும் உயிரோடு இருந்தால் முதலில் அதிலேயே தட்டை முடித்துவைக்கப் பாருங்கள், சரிவராவிட்டால் வயர். கீறல் விழுந்து கணனி திணறுகிற தட்டு, பழைய பிளேயரில் அங்கங்கே மட்டும் தடக்கிக்கொண்டு ஓடிவிடுவதும் உண்டு. ஆனால் கணனியைக் கைவிட முன் இன்னொரு டிரைவிலும் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் மறுத்ததை இன்னொன்று வாசிப்பது சாதாரணம்.

இரண்டாவது, கடையில் கொடுப்பது. நேரம் இல்லாதவருக்கு, வீட்டில் டிரைவ் உள்ள கணனி இல்லாதவருக்கு இது நியாயமான வழி. "தம்பி, இதைப் பாட்டுப் பாட்டா வெட்டித் தாங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் என்ன கிடைக்கும் என்பது கடையிலிருப்பவரின் பொறுமையைப் பொறுத்தது. வேகத்துக்காகச் சத்தத்தை முதலில் எம்பி3 ஆக்கி, அந்த எம்பி3யிலிருந்து இறுவட்டு எரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஏசி3யில் ஒருமுறை சுருங்கிய ஒலி எம்பி3யில் இரண்டாம் முறையும் சுருங்குகிறது. நாதஸ்வரத்தில் இது உடனே தெரியாது. தாளத்தைக் கவனியுங்கள். ஜால்ராவின் "ணங்" என்ற ஒலி முடியும் வால் மெல்லியதாக, சுத்தமாக நீள வேண்டும். இரண்டுமுறை சுருங்கியதில் அது தண்ணீருக்குள் இருந்து வருவதுபோலச் சலசலக்கும். ஆகவே கொடுக்கும்போதே மூன்று விஷயம் சொல்லுங்கள்: இடையில் எம்பி3 வேண்டாம், பாட்டுகளுக்கு நடுவில் வெற்றிடம் வேண்டாம், சுருக்கப்படாத பெரிய வேவ் கோப்புகளையும் பென் ட்ரைவில் போட்டுத் தரவேண்டும். மூன்றாவதைத் தரமுடியாது என்பவர் வேவ் கோப்பே செய்யவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, கணனியில் டிவிடியைப் போட்டு, அத்தியாயப் பிரிவுகளின்படி தானாக வெட்டித்தரும் மென்பொருளைப் பாவிப்பது. டிவிடி ஓடியோ எக்ஸ்ட்ராக்டர் போன்ற கட்டண மென்பொருள்கள் இதைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். விலைக்கு வாங்கிய தட்டுகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு அத்தியாயம் ஒழுங்காக வைத்திருப்பார்கள். அங்கே இந்த வழி நன்றாகப் பொருந்தும். அங்கும் ஒரு சிக்கல் உண்டு. டிவிடியின் அத்தியாயக் குறி படத்தின் துண்டு தொடங்கும் இடத்தில்தான் விழமுடியும், சங்கீதம் தொடங்கும் இடத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. அரைச் செக்கன் முந்தலாம், பிந்தலாம். பிந்தினால் பல்லவியின் முதலெழுத்து முந்திய தடத்தின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். உள்ளூர்த் தட்டுகளில் நிலைமை மோசம். பல ரெக்கோடர்கள் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று மணி பார்த்து அத்தியாயம் வைக்கும். அதன்படி வெட்டினால் தோடி ஆலாபனை மூன்று துண்டாகும்.

நான்காவது, சத்தத்தை முழுசாக ஒரே நீளமாக எடுத்து, பிறகு காதால் கேட்டு வெட்டுவது. என் தெரிவு இதுதான். வெட்டுவதற்கு மட்டும் ஒரு பின்னேரம் போகும். ஆனால் கச்சேரி ஒன்றைக் கேட்பதற்காகத்தானே இவ்வளவும் செய்கிறோம். வெட்டும்போதும் கேட்கத்தான் போகிறோம்.

டிவிடியைத் திறந்தால் உள்ளே வொப் (VOB) என்று முடியும் கோப்புகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் போகாது என்பது விதி. ஆகவே இரண்டு மணித்தியாலக் கச்சேரி நாலைந்து துண்டாக இருக்கும். துண்டு முடிகிற இடம் கீர்த்தனையின் நடுவாகவும் இருக்கலாம். அவற்றைத் தனித்தனியே மாற்றி ஒட்டினால் ஒட்டிய இடத்தில் சின்னத் தடக்கல் விழும். மேக்எம்கேவி என்ற மென்பொருளைப் பாவித்தால் முழுக் கச்சேரியும் ஒரே கோப்பாக, ஒலி கை படாமல் வரும். கட்டளை எழுதி இயக்கும் எஃப்எஃப்எம்பெக் தெரிந்தவர்கள் அதிலேயே இணைக்கலாம். வந்த கோப்பை ஓடாசிட்டியில் திறக்க எஃப்எஃப்எம்பெக் நூலகத்தை ஒருதரம் நிறுவ வேண்டும், அவ்வளவுதான். விலைக்கு வாங்கிய தட்டுகளில் பிரதித் தடுப்புப் பூட்டு இருப்பதுண்டு. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தட்டை உங்கள் காரில் கேட்பதற்கும், பிரதி எடுத்து ஊருக்குக் கொடுப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவது கலைஞரின் வயிற்றில் அடிப்பது.

இங்கே ஒரு இடத்தில் மிகவும் கவனம் வேண்டும். டிவிடியின் ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், இறுவட்டின் ஒலி 44.1 கிலோஹெர்ட்ஸ். ஒன்றை மற்றதாக மாற்றும்போது கணக்குப் போட்டு மாதிரிகளைப் புதிதாக உண்டாக்க வேண்டும். ஓடாசிட்டியில் தடத்தின் பக்கத்திலுள்ள பட்டியலில் வீதம் என்று ஒன்று இருக்கிறது. அதில் 44100ஐத் தெரிவுசெய்தால் மாற்றம் நடந்துவிட்டது என்று தோன்றும். நடப்பது வேறு: அதே மாதிரிகளை மெதுவாக ஓட்டச் சொல்கிறீர்கள். 60 நிமிடக் கச்சேரி 65 நிமிடத்துக்கு மேல் நீளும். இரண்டு கட்டைச் சுருதியில் வாசித்த நாதஸ்வரம் ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் நடுவில், எந்தச் சுருதிப்பெட்டியோடும் சேராமல் நிற்கும். கேட்டவுடன் பிழை என்று சொல்ல எல்லோருக்கும் வராது. "கொஞ்சம் சோர்ந்த கச்சேரி" என்றுதான் தோன்றும். அந்தப் பட்டியலைத் தொடவேண்டாம். தடங்கள் பட்டியலிலுள்ள மறுமாதிரி கட்டளையால் 44100க்கு மாற்றுங்கள். மொத்த நீளம் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்தால் சரி பிழை தெரிந்துவிடும்.

ஒலியளவை உயர்த்த விரும்பினால் கச்சேரி முழுவதற்கும் ஒரே அளவில் உயர்த்துங்கள். பாட்டுப் பாட்டாக உயர்த்தினால், மெதுவாகத் தொடங்கிய விருத்தமும் உச்சத்தில் நிற்கும், தாளவாத்தியம் மட்டும் வாசிக்கும் தனியாவர்த்தனமும் ஒரே உரப்பில் வரும். கச்சேரி ஏறி இறங்கும் வடிவம் அதோடு போய்விடும். உள்ளூர்ப் பதிவுகளில் இன்னொரு குறை: கமராவின் மைக் தானாக அளவு பார்த்துக் கூட்டிக் குறைக்கும். தவில் ஓங்கி விழுந்தவுடன் எல்லாம் அமுங்கி, இரண்டு செக்கனில் மெல்ல மேலே வரும். அது பதியும்போதே நடந்தது. பிறகு எந்த மென்பொருளாலும் முழுசாகத் திருத்த முடியாது. அதற்கென்று வடிகட்டிமேல் வடிகட்டி போடுவதைவிட அப்படியே விடுவது நல்லது.

வெட்டும் இடம் எது? ஆலாபனையையும் அதைத் தொடரும் கீர்த்தனையையும் வேறு வேறு தடமாக வைக்கலாம். கீர்த்தனையை மட்டும் கேட்க விரும்புபவருக்கு உதவும். தனியாவர்த்தனத்தை மட்டும் பிரிக்கவேண்டாம். பாட்டின் வரியிலிருந்து தவில் எடுத்துக்கொண்டு போய், தீர்மானம் வைத்துத் திரும்பவும் அதே வரியில் வந்து விழுகிற இடத்தில்தான் அதன் சுவை. அளவெட்டியும் இணுவிலும் தவிலுக்குப் பேர்போன ஊர்கள். 1975இல் மறைந்த தவில் வித்துவான் தட்சிணாமூர்த்தியின் கையைப் பிறகு பிறந்த எங்களுக்குக் கேட்கக் கிடைத்தது ஒலிப்பதிவுகளால்தான். அந்தத் தனியை நடுவில் முறிக்க எனக்கு மனம் வராது. மிகவும் நீண்டால் தனி தொடங்கும் இடத்தில் ஒரு தடக்குறி வைக்கலாம், வெற்றிடம் இல்லாமல்.

வெற்றிடம் பற்றி: எரிக்கும் மென்பொருள் சும்மா விட்டால் தடங்களுக்கிடையில் இரண்டு செக்கன் மௌனத்தைப் புகுத்தும். கைதட்டல் திடீரென்று நின்று, மௌனம், திரும்பவும் கைதட்டல். இதைத் தவிர்க்க, முழுத் தட்டையும் ஒரே மூச்சில் எரிக்கும் முறையைத் தெரிவுசெய்து இடைவெளியைச் சுழியமாக்குங்கள். இன்னொரு நுணுக்கமும் உண்டு. இறுவட்டில் ஒரு செக்கன் 75 சட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. தடம் சட்டத்தின் எல்லையில்தான் முடியமுடியும். நீங்கள் இடையில் வெட்டினால் மிச்சத்தை வெறும் மௌனத்தால் நிரப்பும், அந்த இடத்தில் "டிக்" என்று கேட்கலாம். ஓடாசிட்டியில் நேரத்தைக் காட்டும் பெட்டியை இறுவட்டுச் சட்டங்களுக்கு மாற்றி, குறிகள் அதில் ஒட்டும்படி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. இதை 44100க்கு மாற்றிய பிறகே செய்யுங்கள்.

ஒரு இறுவட்டில் 80 நிமிடம். ஆகவே இரண்டரை மணித்தியாலக் கச்சேரிக்கு இரண்டு தட்டு வேண்டும். ஓரம்வரை நிரப்பாமல் ஓரிரு நிமிடம் விடுங்கள். பழைய கார் செட்கள் ஓரத்தில் தடுமாறும். முதல் தட்டை 78 நிமிடத்தில் எங்கேயோ முடிப்பதைவிட, பிரதான உருப்படிக்கு முன்னால் 75 நிமிடமளவில் முடித்து, இரண்டாவதை அந்த உருப்படியோடு தொடங்குவதுதான் எனக்குப் பிடித்தது. எல்லாம் ஒரே தட்டில் வேண்டும் என்பவருக்கு எம்பி3 இறுவட்டு இருக்கிறது. 192 கிலோபிட்டில் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் கொள்ளும். ஆனால் பழைய கார் செட்கள் பல அதை வாசிக்காது. வாசிப்பவையும் தடத்துக்குத் தடம் ஒரு கணம் நின்று போகும். மல்லாரியிலிருந்து மங்களம்வரை விடாமல் போகிற மேளக்கச்சேரிக்கு அது ஒத்துவராது. பேச்சு, பிரசங்கம், கதாப்பிரசங்கம் என்றால் தாராளமாகப் போடலாம்.

எரிக்க, திரும்பத் திரும்ப எழுதும் வகையை வாங்காமல் ஒருதரம் எழுதும் வகையை வாங்குங்கள். வேகத்தை 8 அல்லது 16இல் வையுங்கள். மேலே காகித ஒட்டி ஒட்டவேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் பசை இளகி, ஓரம் கிளம்பி, தட்டு துளைக்குள் சிக்கிக்கொள்ளும். பிறகு செட்டையே கழற்ற வேண்டிவரும். இறுவட்டுக்கென்று விற்கும் பேனையால் இராகம், தாளம், வாசித்தவர்களின் பெயர், கோயில், ஆண்டு என்று எழுதுங்கள். வெட்டுவதற்கு முந்திய 48 கிலோஹெர்ட்ஸ் முழுக்கோப்பையும் வன்தட்டில் ஒரு இடத்தில் வைத்திருங்கள். எரித்த டிவிடியின் சாயம் ஒருநாள் மங்கும், அடுத்த காரில் இறுவட்டுத் துளையும் இருக்காது. கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ மச்சாள் கேட்டால் அனுப்பவேண்டியதும் அந்தக் கோப்பைத்தான்.